எங்கள் ஏரியில் வாழும் உயிர்கள்

இரவில் ரோலிங் மில்லில் ஷிப்ட். பகலில் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஹபிபுல்லா பாயின் டி.டி.பி. சென்டர். நான் பிளஸ் ஒன்னோடு படிப்பை விட்டவன். இருந்தாலும் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உயிரியல் செய்முறை விளக்கத் தாள்களை நான்தான் தயாரித்தேன்.

படங்களை விலங்கியல் ஆசிரியர் மணவாளன் சார் சி.டி.யில் கொண்டுவந்தார். பள்ளி மைக்ராஸ்கோப்பின் மேல் டிஜிட்டல் கேமராவை வைத்து எடுத்தவை. கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் ஏரித் தண்ணீர், பதினான்கு படம். போட்டோஷாப்பில் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். துரு நிறத் தூசுதான் தெரிந்தது.

"சார், இதுல ஒண்ணுமே இல்லியே."

"மூணு வாட்டி எடுத்தாச்சுபா. ஒரு ஜீவன் கூட இல்ல. தாளாளர்கிட்ட சொன்னா காதுலயே வாங்கல. இன்ஸ்பெக்‌ஷன்ல உள்ளூர் ஏரின்னு காட்டணுமாம். நெட்லேர்ந்து எடுத்து ஒட்டிடு."

ஒட்டினேன். ஒரு பாரமீசியம், இரண்டு யூக்ளினா, ஒரு வால்வாக்ஸ். ஓரங்களை மங்கலாக்கி, எங்கள் ஏரியின் நிறத்தை அவற்றின் மேல் பூசினேன். அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினேன். 'எங்கள் ஏரியில் வாழும் உயிர்கள்' என்று தலைப்பு வைத்தேன்.

"உயிரு வந்துட்ச்சு போ," என்று சார் சிரித்தார். வேலை சுத்தமாக வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான்.

என் தங்கை கிரேஸ் அதே பள்ளியில் பிளஸ் டூ. நர்ஸிங் சேர உயிரியல் மார்க் வேண்டும். ரெக்கார்டு நோட்டில் சார் கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வில் உட்கார விடமாட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை சென்டருக்கு வந்து அந்த நோட்டை என் கீபோர்டு மேல் போட்டாள்.

திறந்த பக்கத்தில், மைக்ராஸ்கோப்பில் தெரிவதை வரைய ஒரு வட்டம். உள்ளே வெறுமை. கீழே, 'உயிர் எதுவும் காணப்படவில்லை.' அதன் மேல் சிவப்பு மையில் அடித்திருந்தது.

"திங்கக்கிழம வரைஞ்சு எடுத்துக்கினு வரலன்னா கையெழுத்து கிடையாதாம்."

"வரைஞ்சிட்டு போயேன். தாள் இருக்குதில்ல?"

"மத்த புள்ளைங்க அப்டிதான் வரைஞ்சாளுங்க. உனக்கு கண்ணு பூட்ச்சான்னு சிரிக்கிறாளுங்க. அந்தத் தாளு நீதான போட்ட? சொல்லுண்ணா, அதெல்லாம் அந்தத் தண்ணியில இருந்துச்சா, இல்லியா?"

உண்மையைச் சொன்னால் வரையமாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

"இருந்துச்சு," என்றேன். "நீ ஒழுங்கா ஃபோகஸ் பண்ணியிருக்கமாட்ட."

 ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் வரியை அழித்தாள். பாரமீசியத்தை என் தாளில் இருப்பதைவிட அழகாக வரைந்தாள். திங்கட்கிழமை கையெழுத்து விழுந்தது.

அடுத்த வாரம் ரத்தச் செல்கள். அந்தத் தாளும் என் வேலைதான். விரலைக் குத்தி எடுத்த அவள் ரத்தமே ஸ்லைடில் இருந்ததாம்.

"பாத்தியா? எப்டி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எதுக்குப் பாக்கணும்? தாளைப் பாத்து அப்பவே வரைஞ்சிட்டேன்," என்றாள். "டைம் மிச்சம்ணா."