டவுன் பஸ் டிரைவர் நடந்த வழி

மதியச் சாப்பாடு முடிந்ததும் டிரைவர் விடுதி வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பு இரண்டையும் ஒன்றோடொன்று தட்டி மணலை உதறினார். "நாளைக்கு அந்தக் கோடிக் கடற்கரை. விடிஞ்சதும் கிளம்பிடணும்," என்றார்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க," என்றாள் மனைவி.

"போன வருஷம் நீ லேட்டு," என்று பழியை அவள் தலையில் கட்டிவிட்டு, கொஞ்சம் கண்ணயரப் போனார். எழுந்திருக்கவில்லை.

வருஷம் முழுக்க டவுன் பஸ் ஓட்டுகிறவர், லீவு என்றால் சக்கரம் வைத்த எதிலும் ஏறமாட்டார். ரயிலைவிட்டு இறங்கினால், திரும்ப ரயிலேறும்வரை நடைதான். அந்த ஊர்க் கடற்கரைகளை இரண்டு பேரும் ஒவ்வொன்றாக நடந்தே பார்த்தார்கள். கோடியில் இருந்த ஒன்று மட்டும் ஒவ்வொரு வருஷமும் கை நழுவியது. காரணம், அவர் தெருவில் பஸ்ஸாகவே போவார். திரும்புமுன் கையை நீட்டிக் காட்டுவார். முன்னால் போகிறவரைத் தாண்ட வேண்டுமானால் தொண்டையைச் செருமுவார். நிறுத்தம் வந்தால் கால் தானாக மெதுவாகும். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழையவே மாட்டார். கூப்பிடு தூரத்துக் கடலுக்கு ஊரையே சுற்றி, பாதியில் இருட்டி, திரும்பி வருவார்கள்.

அவர் போய் ஒரு வருஷம் கழித்து, இப்போது அதே விடுதியில் மனைவியும் அவருடைய தங்கையும் தங்கியிருந்தார்கள். தங்கைக்குப் பேரன் பிறந்த பிறகும் பெயர் குட்டிதான். மறுநாள் காலை டிரைவரின் மகன் காரோடு வருகிறான். "நீ ஏம்மா நடக்கணும்? நானே கொண்டு போய் விடறேன், அஞ்சு நிமிஷம்," என்று போனில் சொல்லிவிட்டான். நல்ல பிள்ளை, மறுத்தால் முகம் வாடிவிடும். அந்தக் கரைக்கு நடந்தே போக வேண்டுமென்றால் அவளுக்கு இன்று ஒருநாள்தான்.

சாப்பிட்டுக் கிளம்பினார்கள். கிளம்பும்போது வாயைத் திறந்த குட்டி மூடவில்லை. சலூன் தாண்டி, ஐஸ் உடைக்கும் கொட்டகை தாண்டி, ஒரு சந்து சரிவாக இறங்கியது. அதன் அடியில் ஒரு துண்டு கடல் தெரிந்தது. சந்து முனையில் சிவப்பு வட்டம், நடுவே வெள்ளைக் கோடு. அவள் நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி?"

"போர்டு இருக்கே."

"அது வண்டிக்கு. நீங்க என்ன லாரியா?"

"உங்கண்ணன் இதுல நுழைய மாட்டாரு."

"இப்படிச் சுத்திச் சுத்தியே கல்யாணத்துக்கு லேட்டா வந்த ஆளு அவரு. மறந்துட்டீங்களா?"

"மறக்கிற மாதிரியா நிக்க வெச்சாரு."

அவள் சந்துக்குள் ஒரு காலை வைத்தாள். அவரை முனையில் தனியாக நிறுத்திவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. காலை எடுத்துக்கொண்டாள்.

"சரி, பஸ் சுத்தி வரட்டும். நான் போய் இடம் பிடிச்சு வைக்கிறேன்," என்று குட்டி விடுவிடுவென்று இறங்கிப் போனாள்.

அவள் சுற்றுவழியில் நடந்தாள். ஆஸ்பத்திரி மதில் முடிவதாக இல்லை. பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டுவதற்குள் முழங்கால் முறையிட ஆரம்பித்தது. ரொட்டி வேன் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"கடற்கரைக்கா? ஏறிக்கோங்கம்மா."

"வேண்டாம்ப்பா. வண்டில ஏறினா எங்க வீட்டுக்காரரு கோவிச்சுக்குவாரு."

"அவரு எங்க?"

"முன்னால போயிட்டாரு."

"உங்கள இப்படி நடக்கவிட்டுட்டா?"

"அவசரக்காரரு."

"நல்லா இருக்கு," என்று தலையை ஆட்டிவிட்டு வேன்காரர் போனார். அவள் கொஞ்ச நேரம் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்தாள். கடைசித் திருப்பத்தில், பின்னால் ஒரு ஈ காக்கை இல்லாதபோதும், வலது கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

கவிழ்த்துப் போட்ட படகின் மேல் குட்டி உட்கார்ந்திருந்தாள். "நான் ரெண்டு தூக்கம் தூங்கி எழுந்தாச்சு. பாருங்க, இதுக்குத்தான் இவ்வளவு பாடு."

மணல் என்று பேருக்குக்கூட இல்லை. கைப்பிடி அளவில் கறுப்புக் கற்கள், நடுவே ஒரு கிழிந்த வலை, பாசி நாற்றம். உலகத்திலேயே அழகான இடம் என்று வருஷா வருஷம் அளந்துவிட்ட மனிதர், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ தடம் மாறியபோது, குட்டி முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்த்தாள். மனைவி கற்களின் மேல் தடுமாறி நடந்து போய், கணுக்கால் நனையும்வரை நின்றாள்.

வெளிச்சம் குறைந்தது.

"திரும்பவும் ஊரைச் சுத்தணுமா அண்ணி? என்னால ஆகாது."

"எதுக்குச் சுத்தணும்? இங்கிருந்து போனா சந்து சரியான திசைதானே."

குட்டி தலையில் அடித்துக்கொண்டு முன்னால் ஏறினாள்.

அறைக்கு வந்ததும் மனைவி காலைக் கழுவிக்கொள்ளக் குளியலறைக்குப் போனாள். வெந்நீர் என்று சிவப்புப் புள்ளி வைத்த குழாயில், எல்லா வருஷமும் போல, குளிர்ந்த தண்ணீர்தான் வந்தது.