மாப்பிள்ளை மாற்றிய ஆயில்

மெக்கானிக் அந்தச் சின்னக் குழாயைக் கழற்றித் துணிமேல் தட்டினார். கரி கொட்டியது. இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கிற டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகிற குழாய் அது; உள்ளே ஊசி நுழைய இடமில்லை. ஆயில் கிடைக்காமல் டர்போ காய்ந்தே செத்திருந்தது. காலையிலிருந்து குனிந்தே நின்ற இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

வண்டி தங்கச்சியுடையது. பழைய ஐரோப்பியக் கார். அதை வாடகைக்கு ஓட்டித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவள் புருஷனுக்கும் ஒரு ஓட்டை டெலிவரி வேன் உண்டு. வாய் மட்டும் அதைவிட வேகமாக ஓடும். "ஆயில் மாத்தறது என்ன பெரிய வித்தையா மச்சான்? டப்பாவைக் கொடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒவ்வொரு முறையும் வாங்கிப்போவது அந்த மாப்பிள்ளைதான்.

மெக்கானிக், பட்டறைக்கு வந்திருந்த அவரைக் கம்ப்ரஸருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "மாப்ள, நான் கொடுத்த ஆயில் எங்க?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "வேன்ல ஊத்திட்டேன்."

"எது, வேன்லயா?"

"பாவம், நல்ல ஆயில் ஊத்தினா அதுவும் நல்லா ஓடுமேன்னுதான். வேனுக்கு வாங்கினதைக் கார்ல ஊத்தினேன். ரெண்டு டப்பாலயும் ஒரே நம்பர்தானே மச்சான்?"

அட கடவுளே! ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைத்தான் அந்த நம்பர் சொல்லும். டர்போ கக்குகிற சூட்டில் கருகாமல் தாங்குமா என்று காரைச் செய்தவன் சோதித்துக் கொடுத்த ஒப்புதல், டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். எவன் விற்கிற ஆயிலாவது இருந்துவிட்டுப் போகட்டும், அந்த ஒப்புதல் வேண்டும். இதை எத்தனை தடவைதான் சொல்வது? தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மச்சான். நீங்க கொடுத்ததைத்தான் ஊத்தினேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

போன மாதம்தான் தங்கச்சி இவருடைய பொய் தாங்காமல் பெட்டியோடு வந்து நின்றாள். "இன்னும் ஒரு பொய், அப்புறம் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் போனாள். இரண்டு பேரிடமும் மாறி மாறிக் கெஞ்சி ஒட்டவைத்தவர் மெக்கானிக். அலுத்துவிட்டது. அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு தடவை தாங்க உடம்பில் தெம்பில்லை.

தங்கச்சி உள்ளே வந்தாள். "என்னாச்சுண்ணா? நீ கொடுத்த ஆயிலைத்தானே இவரு ஊத்தினாரு?"

மெக்கானிக் முந்திக்கொண்டார்.

"ஆமாம்மா. நான்தான் டப்பாவை மாத்திக் கொடுத்துட்டேன். தப்பு என்னோடது."

அவள் கரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நாளைலேருந்து நான் எதை ஓட்டறது?"

மாப்பிள்ளை குரலை உயர்த்தினார்.

"தலைதலையா அடிச்சுக்கிட்டேன்ல? சொந்தக்காரங்ககிட்ட வண்டியை விடாத, கம்பெனி சர்வீஸ்லயே விடுன்னு!"

அடப்பாவி! கையிலிருந்த ஸ்பேனரை வீசலாம் போலிருந்தது. வீசவில்லை. வழக்கமாகப் புருஷன் வாயைத் திறந்தாலே பாய்கிற தங்கச்சி, இன்று அந்தப் புருஷன் கையையே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னப்ப நான்தான் கேக்கல," என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "சாவியைக் கொடுண்ணா. இனிமே இந்த வண்டியை நீ தொட வேண்டாம்."

கொடுத்தார். காரை இழுத்துப்போக லாரிக்கும் அவரே போன் செய்தார்.