உங்க முறை

சத்திரப்பட்டி ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனியில் பேண்டேஜ் துணி வெளுத்து, காயப்போட்டு, சுருட்டி, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். ஆபீஸில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதற்கு ஆள் இரண்டு. பில் போடுவது ஜெயபாய். சரக்கு வரவு செலவு பொன்னுராஜ். ஒருவர் எழுந்தால்தான் மற்றவர் உட்கார முடியும்.

ஆட்டம் வந்தது தொண்ணூற்றாறில். பிரிண்டர் பழுது பார்க்க மதுரையிலிருந்து வந்தவன், பார்த்து முடித்த கையோடு ப்ளாப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி ஏற்றிவிட்டுப் போனான். "ரெண்டு பேரு ஆடலாம். அவசரமே இல்ல. ஒருத்தர் ஆடி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் சும்மா இருக்கணும். அம்புட்டுதான்" என்றான்.

முதலாளி மதியம் போனில் வீட்டோடு தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் சாப்பிடக் கிளம்புவார். ஸ்கூட்டர் சத்தம் ரோட்டில் தேய்ந்ததும் ஆட்டம் தொடங்கும்.

ஆட்டத்தில் ஒரு நாடு. நாடு முழுக்கக் கறுப்பு மூடியிருக்கும். போன இடம் மட்டும் வெளுக்கும். ஆளுக்கு ஒரு கோட்டை, ஆளுக்கு ஒரு குதிரைவீரன். ஒரு நாளைக்கு இவ்வளவு தூரம்தான் போகலாம் என்று கணக்கு. அது தீர்ந்தால் அன்றைய பொழுது முடிந்தது. அடுத்தவர் முறை. வழியில் வாள் பிடித்த எலும்புக்கூடுகள் நிற்கும். றெக்கை முளைத்த பெண்கள் நிற்பார்கள். வெள்ளையாக ஒரு நாய்க்கூட்டம் வரும். அதற்கு என்னவோ வாயில் நுழையாத பெயர். பொன்னுராஜ் அதை "நம்ம ஊரு நாய்" என்றான். அதன்பிறகு அதுதான் பெயர்.

வீரனுக்குப் பெயர் கேட்டது. அவள் தன் பெயரையே அடித்தாள். திரையில் வந்தவனுக்கு நெஞ்சு வரைக்கும் தாடி.

"தாடி வச்ச ஜெயபாய்" என்றான் அவன்.

"உங்களவிட எனக்கு நல்லா இருக்கு" என்றாள்.

ஜெயிக்க ஜெயிக்க வீரன் வளர்வான். வளர்ந்ததும் இரண்டு வித்தைகளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். ஒன்றைத்தான் எடுக்கலாம். விட்டது விட்டதுதான். அவன் எப்போதும் காப்பு வித்தையை எடுத்தான். அடி வாங்கினாலும் விழாத வித்தை. அவள் வாள்வித்தையை ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டுத் தூரப்பார்வையை எடுத்தாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னாலேயே கறுப்பு விலகும். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

சண்டை அவளுக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. அந்த நாடு காத்திருந்தது. அதுதான் பிடித்தது. தளவாய்புரத்துப் பஸ் காத்திருக்காது. பெண் பார்க்க வந்துவிட்டுப் போனவர்கள் காத்திருக்கவில்லை. தங்கைக்கு முதலில் முடித்துவிடலாம் என்று அப்பா ஒருநாள் சொன்னார், முடித்தும் விட்டார். இங்கே ஒரு பூதம் கையை ஓங்கினபடி நின்றது. அவள் டிபன் டப்பாவைத் திறந்து, தின்று, கழுவி, கவிழ்த்துவைத்துவிட்டு வந்தாலும் ஓங்கின கை ஓங்கினபடியே இருந்தது. நீ யோசி, நான் நிற்கிறேன் என்று சொல்லும் பூதத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

இதில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் ஆடும்போது மற்றவர் பார்க்கக் கூடாது. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துபோகும். அதனால் அவன் முறை வந்தால் அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஜன்னலுக்கு வெளியே காயப்போடும் களம். கொடிகொடியாக வெள்ளைத் துணி. காற்று வந்தால் வரிசை முழுக்க ஒரே நேரத்தில் எழும்பும். அவள் முறை வந்தால் அவன் சுவர்க் காலண்டரைப் பார்த்து உட்காருவான்.

பார்க்கத்தான் கூடாது, கேட்கலாம். குதிரை நடந்தால் கம்ப்யூட்டரிலிருந்து குளம்புச் சத்தம் வரும். புல்லில் மெத்தென்று, மணலில் சரசரவென்று, மரப்பாலத்தில் டொக் டொக்கென்று. கேட்டுக் கேட்டு அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. துணியைப் பார்த்துக்கொண்டே, இப்போது அவன் புல்லில் போகிறான், இப்போது நிற்கிறான் என்று அவளால் சொல்ல முடியும்.

அவனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சார் என்பதும் ஒட்டவில்லை. தன் ஆட்டம் முடிந்ததும் காலண்டர் பக்கம் பார்த்து, "இந்தாங்க, உங்க முறை" என்பாள்.

களத்தில் துணி உலர்த்தும் முத்தாத்தாள் ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்தவள் அதைக் கேட்டுவிட்டாள். செம்பைக் கீழே வைக்கவில்லை.

"என்னட்டி சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"பேரு சொல்லாம இந்தாங்கன்னு சொல்லுத. பொறவு முறைன்னு சொல்லுத. சேசு கோயிலுக்குப் போறவளுக்கும் வில்லிபுத்தூர்க்காரவியளுக்கும் என்ன முறைட்டி?"

"அக்கா, இது ஆட்டத்து முறை."

"எந்த ஆட்டமா இருந்தா என்ன. ஒருத்தி சன்னலப் பாக்கா, ஒருத்தரு செவத்தப் பாக்காரு. நிச்சயமான பொண்ணு மாப்பிள்ளைகூட இம்புட்டு வெக்கப்பட மாட்டாவ."

பொன்னுராஜ் காலண்டரை இன்னும் உற்றுப் பார்த்தான். அவன் காது சிவந்திருந்தது. ஜெயபாய் அதைப் பார்த்தாள். அன்று ஆட்டத்தைச் சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்டது. அவன் ஆங்கில எழுத்தில் முறை என்று அடித்தான்.

ஒருவர் கோட்டையை மற்றவர் பிடித்தால் ஆட்டம் முடியும். அதற்காகத்தான் அந்த ஆட்டமே. ஆனால் மாதங்கள் போயின, முடியவில்லை. நாட்டின் குறுக்கே ஓர் ஆறு, ஆற்றின்மேல் ஒரு மரப்பாலம். தூரப்பார்வை புண்ணியத்தில் அவன் கோட்டையை அவள் முதலிலேயே பார்த்துவிட்டாள். அவன் ஊர்க் கோபுரம் மாதிரி ஒல்லியாக, உயரமாக இருந்தது. பார்த்ததும் குதிரையைத் திருப்பிக்கொண்டாள். அவனும் ஒருநாள் பாலத்தில் பாதிவரை வந்தது சத்தத்தில் தெரிந்தது. பலகையில் நாலைந்து அடி, பிறகு மறுபடியும் புல். இருவரும் தங்கள் பக்கத்து எலும்புக்கூடுகளை அடித்துக்கொண்டு, நாய்களை வளர்த்துக்கொண்டு, காலத்தை ஓட்டினார்கள்.

தொண்ணூற்றெட்டு மாசியில் ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்.

"வத்திராயிருப்பு மாமா வந்திருந்தாக. பொண்ண வச்சிக்கிட்டு எம்புட்டு நாளைக்கி இருக்கன்னு கேக்காக."

"உங்க மாமா மகளா?"

"ஆமா. முறைல்லா. அம்மா விட மாட்டேங்கா."

"நீங்க என்ன சொன்னிய?"

அவன் தம்ளரைச் சுழற்றி அடியில் கிடந்த டீயைக் குடித்தான். "நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

மறுநாள் அவள் முறை. வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். கோட்டைக்குள் போய், வருஷமாய்ச் சேர்த்த படையை ஒவ்வொன்றாகக் கலைத்தாள். நிஜமாகவா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். றெக்கைப் பெண்கள் போனார்கள். பூதங்கள் போயின. நாய்களைக் கடைசியில் அனுப்பினாள். தாடி வைத்த ஜெயபாய் மட்டும் திறந்த கோட்டைக்குள் தனியாக நின்றான்.

"இந்தாங்க, உங்க முறை."

நாற்காலியைத் திருப்பினாள். அன்று காற்றில்லை. துணிகள் தொங்கின.

புல்லில் குளம்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் போனது, நின்றது. பழைய இடத்துக்குத்தான் போகிறான் என்று நினைத்தாள். பிறகு பலகை. டொக் டொக் டொக். பாதிப் பாலத்தில் நிற்கும் என்று பார்த்தாள். நிற்கவில்லை. பாலம் தாண்டியது. அந்தப் பக்கத்து மண்ணில் இரண்டு அடி கேட்டது. அதோடு நின்றது.

சட்டம் சட்டம்தான். அவள் திரும்பவில்லை.

"காவலுக்கு ஒரு ஆளுகூட இல்லையே" என்றான்.

"இல்ல."

"யாரு வேணாலும் உள்ள வந்துரலாமே."

"யாரு வேணாலும் எப்படி வருவாவ? அந்தப் பாலத்துல வாரது நீங்க ஒருத்தருதான்."

கம்ப்யூட்டரின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. களத்தில் முத்தாத்தாள் யாரையோ ஏசினாள்.

"உள்ள வந்தா ஆட்டம் முடிஞ்சிரும், ஜெயபாய்."

"தெரியும்."

"பொறவு?"

"பொறவு வேற ஆட்டம்."

அவள் உள்ளங்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். ஓர் அடி. ஒரே ஓர் அடி அவன் வைத்தால் போதும். கோட்டைக்குள் நுழைந்தால் கொம்பு ஊதும், அவளுக்குத் தெரியும். கொம்புச் சத்தத்துக்காக முதுகு முழுக்கக் காதாக உட்கார்ந்திருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து, பொழுதை முடிக்கும் பொத்தானின் சொடுக்குச் சத்தம் கேட்டது. கொம்பு ஊதவில்லை.

"உங்க முறை" என்றான்.

அவள் திரும்பியபோது அவன் காலண்டர் பக்கம் திரும்பியிருந்தான். திரையில் அவன் குதிரை கோட்டை வாசலை ஒட்டி நின்றது. உள்ளே வரவில்லை. அங்கே நின்றால் வேறு எவரும் உள்ளே வர முடியாது. உள்ளே இருப்பவளும் வெளியே போக முடியாது. காவல் நிற்கிறானா, மறித்து நிற்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. அவனுக்கும் புரிந்திருக்காது என்று தோன்றியது.

ரோட்டில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சேமித்து மூடினாள்.

அடுத்த வாரம் அவன் வேலையை விட்டான். வத்திராயிருப்பில் மாமாவுக்குத் தேங்காய் மண்டி. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில். ஜெயபாயும் முத்தாத்தாளும் டவுன் பஸ்ஸில் போனார்கள். மண்டபத்து வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அத்தையாக இருக்க வேண்டும். அதே மூக்கு.

"வாங்க வாங்க. நீ மாப்பிள்ளைக்கு என்ன முறை வேணும்மா?"

முத்தாத்தாள் ஜெயபாயைப் பார்த்தாள். இரண்டு வருஷமாய் அவள் கேலி பண்ணின சொல் அது. அன்று அவள் சிரிக்கவில்லை. "கூட வேல பாத்தவ, தாயி" என்று முந்திக்கொண்டு சொன்னாள். "முறைகிறை ஒண்ணும் கெடையாது."

மேடையில் பொன்னுராஜ் மாலையும் வேர்வையுமாக நின்றான். பெண் சின்னப் பெண். கண்ணில் மையும் தூக்கமும் இருந்தன. ஜெயபாய்க்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கொண்டுபோன பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்தாள். வாங்கும்போது அவன் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"இன்னும் உங்க முறைதான்."

"தெரியும்" என்றாள்.

பந்தியில் முத்தாத்தாள் அவள் இலைக்குத் தன் வடையைத் தள்ளினாள். "தின்னு" என்றாள்.

சரக்குக் கணக்கும் இப்போது ஜெயபாய் தலையில். மதியம் ஸ்கூட்டர் போனதும் ஆட்டத்தைத் திறப்பாள். அதே நாள். அதே வாசல். அதே குதிரை. செய்ய எதுவும் இல்லை. அவனோடு மோதப் படையில்லை. வெளியே போக வழியில்லை. பொழுதை முடிக்கும் பொத்தான் ஒன்றுதான் மிச்சம். அதை அழுத்தினால் அவன் முறை வந்துவிடும். ஆட அவன் இல்லை.

அவள் அழுத்தவில்லை. அழுத்தாத வரைக்கும் அங்கே அன்றைய பொழுதுதான். நான் இன்னும் ஒண்ணும் சொல்லல என்று அவன் சொன்னதற்கு மறுநாள். குதிரை நின்ற இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். அவள் சாப்பிடுவாள், டப்பாவைக் கழுவுவாள், வந்து பார்ப்பாள். பிறகு மூடிவிட்டு பில் போடுவாள். வெளியே இரண்டு ஆடி போனது. தங்கைக்குக் குழந்தை பிறந்தது. வத்திராயிருப்பிலும் ஒன்று பிறந்ததாகச் சொன்னார்கள். அப்பா இன்னும் ஒரு இடம் பார்த்தார். சாத்தூர்க்காரர், மனைவியை இழந்தவர். யோசித்துச் சொல்லுகிறேன் என்றாள். யோசிக்கிற வரைக்கும் சாத்தூர் நிற்கவில்லை.

தொண்ணூற்றொன்பது கடைசியில், இரண்டாயிரம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாமல் நின்றுபோகும் என்று யாரோ முதலாளியிடம் சொன்னார்கள். புதிது வாங்கிவிட்டார். பழையதை எடுத்துக்கொண்டு போக மத்தியானம் ஆள் வரும் என்றார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுக் குடுத்திரும்மா."

ஸ்கூட்டர் போனது. அவள் ஆட்டத்தைத் திறந்தாள். இன்று டப்பாவைத் திறக்கவில்லை. வாசலில் குதிரை வாலை ஆட்டியது. கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள். பிறகு பொழுதை முடிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

திரை கறுத்தது. கறுப்பின் நடுவே அவன் பெயர் வந்தது. அவள் ஒருநாளும் வாயால் சொல்லாத பெயர். அவன் முறை என்று அதற்குக் கீழே இருந்தது.

"இந்தாங்க" என்றாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முத்தாத்தாள் தண்ணீர் குடிக்க வந்தாள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். பொன்னுராஜ் உட்காரும் நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்த்தாள். கேலி ஒன்று வாய்வரைக்கும் வந்து போனது முகத்தில் தெரிந்தது.

"இப்ப யாரு முறைட்டி?"

"அவிய முறை."

முத்தாத்தாள் செம்பை வைத்தாள். ரோட்டுப் பக்கம் ஒரு வேன் வந்து நின்றது. ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது.

"அப்பம் நீ திரும்பக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் வாசலுக்குப் போனாள். வந்தவர்களிடம், "செத்த நேரம் நில்லுங்கய்யா, உள்ள வேல நடக்கு" என்பது கேட்டது.

களத்தில் காற்று எழுந்தது. வெள்ளைத் துணி வரிசை முழுக்க ஒரே நேரத்தில் எழும்பியது. ஜெயபாய் முதுகுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு அதைப் பார்த்திருந்தாள்.