சாமான் அறை

குளியலறையிலிருந்து வெளியே வந்த மகளின் சீருடை ஓரம் முழுக்க நனைந்திருந்தது. உள்ளேயே நின்று உடை மாற்றுகிறவளுக்கு ஒரு காலைத் தூக்கினால் இன்னொரு கால் வாளியில் இடிக்கும். போன வருடம் வரை கூடத்திலேயே, "எல்லாரும் திரும்பிக்கோங்க" என்று அதட்டிவிட்டு மாற்றிக்கொண்டிருந்த பெண்தான். இப்போது பதினாலு வயது. அதட்டல் நின்று போயிருந்தது. ஈரத்தைக் கையால் பிழிந்து விட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அம்மாவுக்கு.

அவளுக்கு ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. ஊரார் படுத்தெழுந்த விரிப்புகளை நாள் முழுக்கத் தேய்த்து, மூலையோடு மூலை சேர்த்து மடித்து அடுக்குவாள். வீட்டுக்கு வந்தால் ஒரு துண்டை வைக்க இடமிருக்காது. ஒரு கூடம், இரவு டியூட்டி முடிந்து வந்து கணவன் காலையில் தூங்கும் ஒரு படுக்கையறை, திரும்பினால் முழங்கை இடிக்கும் சமையலறை. நான்காவதாக ஒரு அறை உண்டு. அது யாருக்கும் இல்லை. ஒரு கட்டில் போட்டு, பக்கத்தில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான். அதற்குள் நாத்தனாரின் குடித்தனம் மொத்தமும் அட்டைப் பெட்டிகளாகவும் மூட்டைகளாகவும் கூரை வரை ஏறி நின்றது. கதவு பாதிக்கு மேல் திறக்காது.

நாத்தனார் கணவனை விட்டுவிட்டு வந்த நாளில் ஒரு சின்ன வேனில் வந்து இறங்கிய சாமான்கள் அவை. சில மாதம் இங்கே கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியூரில் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன் வேலை கிடைத்துப் போய்விட்டாள். "ஒரு வீடு பாத்ததும் எடுத்துக்கறேன் அண்ணி" என்றாள். விடுதியில் தங்குகிறவளுக்கு வீடு எதற்கு? வருடங்கள் ஓடிவிட்டன. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முதல் வேலையாக அந்தக் கதவைத் தள்ளி எட்டிப் பார்ப்பாள். எதையும் தொட மாட்டாள். பார்த்துவிட்டுச் சாத்துவாள்.

இதைப் பற்றிக் கணவனிடம் எடுத்தால் அவர் காது கேளாதவர் ஆகிவிடுவார். பேருந்து ஓட்டுகிறவர், எத்தனை பெரிய நெரிசலிலும் சந்து கண்டுபிடித்து வண்டியைக் கொண்டுபோய்விடுவார். தங்கை விஷயத்தில் மட்டும் நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கிவிடுவார். "நான் எப்படிக் கேக்கறது? அவ என்ன நினைப்பா?" என்பார். மனைவி கேட்டால் தங்கை என்ன நினைப்பாள் என்பது அவருக்கு ஒரு கேள்வியே இல்லை.

அன்று சலவை இடைவேளையில் அவளே நாத்தனாரைப் போனில் கூப்பிட்டாள். மணி முழுதாக அடிப்பதற்குள் நாத்தனார் எடுத்துவிட்டாள். "அண்ணி, நானே கூப்பிடணும்னு இருந்தேன்..." என்று தொடங்கியவளை முடிக்கவிடவில்லை. விட்டால் தைரியம் போய்விடும். ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். பாப்பா பெரிசாயிட்டா. ஒரு மூலை வேணும் அவளுக்கு. நீ வந்து வேணும்கறத எடுத்துக்கிட்டா மீதிய ஒழிச்சுடலாம். தப்பா எடுத்துக்காதே.

அந்தப் பக்கம் விடுதியின் சத்தம் கேட்டது. யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

"சரி அண்ணி. ஞாயித்துக்கிழமை வரேன்."

ஞாயிற்றுக்கிழமை கணவன் வலியப் போய் இன்னொருவருடைய டியூட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாத்தனார் தோளில் ஒரு பையோடு வந்தாள். டீயைக்கூட நின்றபடியே குடித்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

அம்மா தயாராக இருந்தது வேறு ஒன்றுக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கதை வரும், ஒரு பாட்டம் அழுகை வரும், இதை வச்சுக்கோங்க அதை வச்சுக்கோங்க என்று பாதி சாமான் பழைய இடத்துக்கே திரும்பும் என்று எண்ணியிருந்தாள். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். நாத்தனார் பெட்டியைக் கிழித்தாள், பார்த்தாள், "போடுங்க" என்றாள். தாளே பிரிக்காத பீங்கான் தட்டுகள். போடுங்க. நூலாம்படை பிடித்த மிக்ஸி. போடுங்க. நீலத் திரைச்சீலைகள் ஒரு கட்டு, வளையம்கூடக் கோத்திருந்தது. எந்த ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைத்தாளோ, அந்த ஜன்னலில் இப்போது யார் திரையோ. அதை மட்டும் ஒரு நொடி விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள். "நல்ல துணி. பாப்பாவுக்கு ஆகுமா பாருங்க. இல்லைன்னா போட்டுடுங்க."

மூட்டை மூட்டையாக மூன்று மாடி இறக்கினார்கள். கீழே பழைய சாமான்காரரின் வண்டிக்காகக் கேட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தார்கள். எதிர்வீட்டு டீச்சர் கதவைத் திறந்து, "வீடு மாத்தறீங்களா?" என்று ஆவலோடு கேட்டு, இல்லை என்றதும் முகம் வாடி உள்ளே போனாள். மகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "அத்தை, இங்க கட்டில் போட்டா தலைமாடு இந்தப் பக்கம் வரலாமில்ல?" என்று பாதி காலியான அறைக்குள் கையை விரித்து அளந்துகொண்டிருந்தாள். "அந்தப் பக்கம் வை. ஃபேன் காத்து நேரா வரும்" என்றாள் அத்தை, ஒரு பெட்டியை முழங்காலால் தள்ளியபடி.

கடைசி வரிசைப் பெட்டிகளை இறக்கியபோது பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. அங்கே ஜன்னல் உண்டு என்பதே அம்மாவுக்கு மறந்து போயிருந்தது. நாத்தனார் கொக்கியை அடித்துத் திறந்தாள். தூசி பறக்க வெளிச்சம் உள்ளே விழுந்தது. இவ்வளவு நாளாக வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிக்கத்தான் தெம்பில்லை.

மிஞ்சியது மெத்தை. கயிறு போட்டு உருளையாகக் கட்டிய இலவம்பஞ்சு மெத்தை. நாத்தனாரும் மகளுமாக அதைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். நாத்தனார் முகம் கழுவக் குளியலறைக்குள் போனாள். ஜன்னல் திட்டில் அவள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாம் முறை அடித்தபோது, ஏதோ அவசரமாக இருக்கும் என்று அம்மா எடுத்தாள்.

"வார்டம்மா, நான் சமையலக்கா. கட்டில் எல்லாத்தையும் லாரில ஏத்திட்டாங்க. உங்க ரூம் ஒண்ணுதான் பாக்கி. சாவி யாருகிட்ட இருக்குன்னு சத்தம் போடறாங்க. புதன்கிழமை இடிக்க ஆள் வந்துடுமாம். நீங்க எங்க போறதுன்னு முடிவாச்சா? அண்ணன் வீட்டுல பேசினீங்களா?"

"வந்ததும் பேசச் சொல்றேன்" என்று மட்டும் முனகினாள். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் துடைத்துக்கொண்டு வந்த நாத்தனார் போன் இருந்த கையைப் பார்த்தாள். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"விடுதிய மூடறாங்களா?"

"வித்துட்டாங்க."

"ஏன் சொல்லலை?"

நாத்தனார் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு அதைச் சொல்லத்தான் போனை எடுத்தேன் அண்ணி. நீங்க முந்திக்கிட்டீங்க."

கோபம்தான் முதலில் வந்தது. யார்மேல் என்று பிடிபடாத கோபம். காலையிலிருந்து எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் நின்றவள்மேலா, டியூட்டியைச் சாக்காக்கிக்கொண்டு போனவர்மேலா. "என்னை என்னன்னு நினைச்சே நீ? விரட்டறவள்னா?" என்று குரல் உயர்ந்தது. அறைக்குள் மகள் கட்டிலுக்கு இடம் அளப்பது காதில் விழ, குரல் தானாக இறங்கியது.

"இல்லை அண்ணி. நீங்க கேட்டது நியாயம். பொண்ணுக்கு ரூம் வேணும். அதுக்கு மேல நான் எதைச் சொன்னாலும், கேட்ட மாதிரி இருக்காது. பிடுங்கின மாதிரி இருக்கும்." இடுப்பில் துப்பட்டா முடிச்சை அவிழ்த்தாள். "சாமான் இங்க இருந்த வரைக்கும் அதைப் பாக்க வரேன்னு வந்துட்டிருந்தேன். அது ஒரு சாக்கு. அது போனா ஒரேயடியா போகட்டும்னுதான் எல்லாத்தையும் போடச் சொன்னேன். கூட வேலை பாத்தவ ஒருத்தி இருக்கா. ரெண்டு வாரம் தங்கிக்கலாம்னா."

ரெண்டு வாரத்துக்குப் பிறகு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் தன் வாயிலிருந்து வர வேண்டியிருக்கும். மகளைக் கூப்பிட்டு, நீ கூடத்திலேயே இரு என்று சொல்ல அவளால் ஆகாது. நனைந்த சீருடையோடு படியிறங்கிய முதுகு கண்ணுக்குள் நின்றது. நாத்தனாரைப் பார்த்து, போய் வா என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. யாராவது வந்து இதை இப்படிச் செய் என்று சொல்லிவிட்டுப் போனால் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. அவ்வளவு அசதி. கையை முழங்காலில் ஊன்றி எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

பழைய சாமான்காரரின் வண்டி வந்து நின்றிருந்தது. பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அவள் போய் மெத்தையின் கயிற்றைப் பிடித்தாள்.

"அதையும் சேத்துத்தானம்மா சொன்னாங்க?" என்றார் அவர்.

"இது இல்லை. தெரியாம இறக்கிட்டோம்."

தலையில் ஏற்றிவிட்டார். முதல் மாடியில் மூச்சு வாங்கியது. இரண்டாவது மாடியில் அதைச் சுவரோடு சாய்த்து, அதன்மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பஞ்சும் அந்துருண்டையும் கலந்த வாசம். மேலே வந்து கூடத்துச் சுவரில் அதைச் சாய்த்தபோது, நாத்தனார் கிட்டே வந்தாள்.

"எங்க போடுவீங்க அண்ணி?"

"தெரியலை," என்றாள் அவள். "உங்க அண்ணன் வரட்டும். இன்னிக்கு நீ ஊருக்குப் போகலை. அவ்வளவுதான் இப்போதைக்கு எனக்குத் தெரியும்."

நாத்தனார் சமையலறையிலிருந்து தரை துடைக்கும் கட்டையையும் வாளியையும் எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனாள். ஜன்னல் பக்கமிருந்து தொடங்கி, பின்னால் நகர்ந்து நகர்ந்து, மூலை முடுக்கெல்லாம் அழுத்தித் துடைத்தாள். கதவு வரை வந்து வெளியே கால் வைத்தாள். மகள் நீலத் திரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தவள், சுவரோரம் நின்ற மெத்தையைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு அறைக்குள் போகக் காலெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு. தரை காயட்டும்."

ஃபேன் சுற்றியது. தரையின் நடுவில் முதலில் ஒரு சின்னத் திட்டு வெளுத்தது. மூவரும் வாசலில் ஒட்டி நின்று, அது மெல்ல ஓரங்களை நோக்கிப் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.