பந்தியில் அப்பா

பதினாறு வருடமாக அப்பா என் வீட்டில் கை நனைத்ததில்லை. நான் ஜீவாவைக் காதலித்துக் கட்டிக்கொண்ட நாளில் போட்ட சபதம் அது. பேத்தி காவ்யா பிறந்த பிறகு வருவார், கொஞ்சுவார், போவார். ஒரு வாய் காப்பி? மூச்! வைராக்கியத்தில் அவரை அடிக்க ஆளில்லை.

ஆனால் அவர் வண்டவாளம் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கே வரவில்லை என்று சாதிக்கிற மனுஷன், பூந்தமல்லி மண்டபத்துப் பந்தியில் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டதைக் கல்யாண டிவிடியில் பார்த்திருக்கிறேன். அன்று சமையல் அவருடைய உயிர்க் கூட்டாளி, காலஞ்சென்ற வேம்புலி மாமா. வாசனை இழுத்துவிட்டது போலும்.

நசரத்பேட்டையில் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தோம். அன்றாவது அப்பா சாப்பிட்டே ஆகவேண்டும். டிவிடி போட்டுப் பார்க்கும் பெட்டி எப்போதோ செத்துப்போனதால், அந்தப் பந்தியை அவரிடமே காட்ட, படத்தை மொபைலுக்கு மாற்றித் தரும்படி ஜீவாவைக் கேட்டேன்.

கேட்டது தப்பு. கம்ப்யூட்டர் ஆளிடம் தண்ணீர் கேட்டால் கிணறு வெட்டுவார். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு தனி அறை மாதிரி கன்டெய்னர் ஒன்றைக் கட்டினார். டிஸ்கைப் போட்டால் போதும். அதுவே படத்தை உருவி, மாற்றி, முடிந்ததும் தட்டை வெளியே தள்ளிவிடுமாம்.

தள்ளியது. "வேல முடிஞ்சிது, இனிமே இந்த டிஸ்க்கு எதுக்கு?" என்று அதைப் பால்கனியில் கட்டித் தொங்கவிட்டார், புறா விரட்ட.

விசேஷத்துக்கு முதல் நாள் படத்தைத் திறந்தேன். முகூர்த்தம் இருந்தது, வரவேற்பு இருந்தது. பந்தி மட்டும் இல்லை.

"எத்தன நிமிசம் அது?" என்றார் ஜீவா.

"ஒன்றர இருக்கும்."

அவர் முகம் தொங்கியது. "ரெண்டு நிமிசத்துக்குக் கம்மியா இருக்கறத வுட்ருன்னு நான்தான் செட்டிங் வெச்சேன். குட்டிக் குட்டியா வெளம்பரம்தான் வரும்னு நெனச்சேன்."

டிஸ்கை அவிழ்த்து வந்தோம். ஒரு மாத வெயில், கம்பியில் உரசிய கீறல், புறா எச்சம் வேறு. துடைத்துத் துடைத்து நான்கு முறை போட்டார். நான்கு முறையும் படிக்க முடியவில்லை என்றே கன்டெய்னர் கையை விரித்தது. புறாக்கள் மட்டும் ஜாலியாக உட்கார்ந்திருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அப்பா வந்தார். பால் காய்ச்சியதைப் பார்த்தார். இலை போடும்போது செருப்பைத் தேடினார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நைனா, அன்னிக்கு நீ பந்தில சாப்ட்ட. டிஸ்க்ல பாத்துகீறேன்."

"எங்க கீது? காட்டு."

காட்ட என்ன இருக்கிறது? அவர் ஜெயித்த முகத்தோடு ஒரு செருப்பை மாட்டினார்.

ஜீவா தன் பங்குக்கு என்னைச் சமாதானப்படுத்தினார். "வுடு தீபிகா. அந்தப் பந்தில பாக்கறதுக்கு இன்னா கீது? பாயாசமே அடி புடிச்சிகினு ஒரே தீஞ்ச வாசன."

அப்பா சட்டென்று திரும்பினார்.

"யார்ரா சொன்னது? வேம்புலி கை பாயாசம் அடி புடிக்குமா? செத்தவன் பேர்ல பழி போடாத! ரெண்டு தபா வாங்கிக் குட்ச்சவன் சொல்றேன், தேனாட்டம் இருந்துச்சு!"

அம்மா ஓர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். அப்பா மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"மொதல்ல பாயாசத்த ஊத்து" என்றார்.