ஹஃபீசா மிஸ் தைத்த திரைகள்

கறுப்புத் துணி மடியிலிருந்து வழுக்கி வழுக்கித் தரையில் விழுந்துகொண்டிருந்தது. ஹஃபீசா அதை ஒவ்வொரு முறையும் அள்ளி எடுத்துத் தையல் மெஷின் மேல் போட்டுக்கொண்டு மீண்டும் மிதித்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். சிட்லபாக்கத்தில் அந்த நேரத்துக்குத் தெரு முழுவதும் உண்ட மயக்கத்தில் கிடக்கும். கடையை மூடிவிட்டுச் சாப்பிட வந்திருந்த அவள் கணவர் ஜாபர் கைகழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"யானைக்குப் புர்கா தைக்கிறியா என்ன?"

"ஸ்கூலுக்குங்க. படம் போட்டுக் காட்டற ஏ.வி. ரூம் ஜன்னலுக்கு. வெளிச்சம் வந்தா ஸ்க்ரீன்ல படம் வெளுத்துப் போவுது."

"அதெல்லாம் ஸ்கூல்ல பண்ணித் தர மாட்டாங்களா?"

பண்ணித் தருவார்கள், அடுத்த வருஷம். ஹஃபீசாவுக்கு அதுவரை பொறுக்காது. ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் அறிவியல் ஆசிரியையாக வேலை பார்த்த பள்ளியில், அந்த ஜூன் மாதம் தலைமையாசிரியை சரோஜினி மேடம் எல்லா ஆசிரியைகளையும் உட்கார வைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார். வகுப்பில் கணினியையும் புரொஜெக்டரையும் இன்னும் நன்றாகப் பயன்படுத்த இந்த வருஷம் நீங்கள் உங்களுக்கே வைத்துக்கொள்ளும் இலக்குகள் என்ன, எழுதுங்கள் என்றார். இளம் ஆசிரியைகள் சிரித்துக்கொண்டே கிறுக்கித் தள்ளினார்கள். ஹஃபீசா வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். முந்தைய வருஷம் ஆய்வுக்கு வந்த அதிகாரியின் முன்னால், எந்த ஒயரை எங்கே செருகுவதென்று தெரியாமல் அவள் தடுமாறியதும், முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து செருகிவிட்டுப் போனதும், வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் அவளுக்கு மறக்கவில்லை. யார் உதவியும் இல்லாமல் கருவியைத் தானே இயக்குவது என்று முதலில் எழுதினாள். வாரத்துக்கு ஒரு பாடமாவது திரையில் நடத்துவது என்று அடுத்து. கடைசியாக, படம் தெளிவாகத் தெரிய அறையை முழுவதுமாக இருட்டாக்குவது.

எழுதியதைச் செய்பவள் அவள். பொத்தேரியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த மகன் அசாரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அவன் சலித்துக்கொள்வதையெல்லாம் பொறுத்துக்கொண்டு, ஸ்லைடு செய்யக் கற்றுக்கொண்டாள். படங்களை நகர வைப்பது வரை வந்துவிட்டது. கறுப்புத் திரைகளை மாட்டிய அன்று எட்டாம் வகுப்பு 'பி' பிரிவை அறைக்கு அழைத்துப் போய், கதவைச் சாத்தி, விளக்கை அணைத்தபோது, பட்டப்பகலில் அப்படியோர் இருட்டு விழும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. வெண்திரையில் சிவப்பாக ஓர் இதயம் சுருங்கி விரிந்தது. "ஹா" என்று நாற்பது வாய்கள் ஒன்றாகத் திறந்தன. இத்தனை வருஷத்தில் அவள் பாடம் நடத்தி அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை. இருட்டில் தான் பொத்தானைத் தேடித் தடவுவது யாருக்கும் தெரியவில்லை என்பதும் அவளுக்குப் பிடித்திருந்தது. அதுவரை பெஞ்சுகளுக்கு இடையில் நடந்துகொண்டே, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தியவள், அன்றிலிருந்து திரையைப் பார்த்து நடத்த ஆரம்பித்தாள்.

அந்த வகுப்பில் ஓவியா என்றொரு பெண். ராஜகீழ்ப்பாக்கத்தின் பழைய குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. தாத்தா காலத்தில் நெல் போட்ட நிலத்தில் இப்போது வாடகை வீடுகள் நின்றன. அப்பா துளசிங்கம் மெயின்ரோட்டில் செங்கல், ஜல்லி வியாபாரம் செய்தார். ஓவியா கெட்டிக்காரி. சாதாரண வகுப்பில் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவாள். ஏ.வி. அறைக்கு வந்தால் மட்டும் வேறு பெண்ணாகிவிடுவாள். எல்லோரும் ஓடிப்போய் இடம் பிடிக்கும்போது, இவள் கடைசியாகச் சுவரோரமாக வருவாள். கதவுப் பக்கத்து இருக்கைக்காக மற்ற பிள்ளைகளோடு சண்டை போடுவாள். ஒருநாள் பாடத்தின் நடுவில், திரையில் ஒரு வெளிச்சக் கோடு விழுவதைப் பார்த்து ஹஃபீசா திரும்பினாள். ஓவியா ஷூ நுனியால் கதவைக் கொஞ்சம் திறந்து பிடித்திருந்தாள்.

"வெளிய என்ன வேடிக்கை?"

"இல்ல மிஸ்... கொஞ்சம் வெளிச்சம்..."

"வெளிச்சம் வரக்கூடாதுன்னுதானே இவ்ளோ பாடுபடறேன்? எந்திரி. போய் நடுவுல உக்காரு."

ஹஃபீசாவே கதவை இழுத்துச் சாத்தினாள். அந்தப் பெண் நடுவரிசைக்குப் போவதற்குள் நான்கைந்து பேர் காலை மிதித்துவிட்டாள். "ஐயோ மிஸ், மிதிக்கிறா மிஸ்" என்று குரல்கள் எழுந்தன. இன்னொரு நாள், விளக்கைப் போடாமல் திரை வெளிச்சத்திலேயே, பிளாஸ்டிக்கில் செய்த இதய மாதிரியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லி வரிசையாக நீட்டிக்கொண்டு வந்தாள். ஓவியாவின் முன்னால் நீட்டியபோது அவள் வாங்கவில்லை. கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு ஹஃபீசாவின் முகம் இருக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க மாட்டியா?" என்று அதட்டியதும் அவசரமாகக் கையை வீசி, மாதிரியை விட்டுவிட்டு ஹஃபீசாவின் முழங்கையைப் பிடித்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பணக்கார வீட்டுப் பெண், கோமாளித்தனம் பண்ணுகிறாள் என்று ஹஃபீசா நினைத்தாள். தான் பாடுபட்டுச் செய்ததைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பு நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

தீபாவளி விடுமுறைக்கு முன்னால் அது நடந்தது. மணி அடித்ததும், விளக்கைப் போடுவதற்குள் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். ஹஃபீசா சுவிட்சைத் தடவிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் மேசை சாய்கிற சத்தம் கேட்டது. வெளிச்சம் வந்தபோது ஓவியா குப்புறக் கிடந்தாள். கணுக்காலில் ஒயர் சுற்றியிருந்தது. புரொஜெக்டர் தரையில் விழுந்து லென்ஸ் உடைந்திருந்தது. ஹஃபீசா முதலில் ஓடிப்போய்க் குனிந்து எடுத்தது புரொஜெக்டரை.

தலைமையாசிரியை அறையில் விசாரணை.

"கண்ணை எங்க வெச்சிருந்த?" என்றார் சரோஜினி மேடம்.

"இருட்டா இருந்துச்சு மேடம்."

"எல்லாருக்கும்தானே இருட்டா இருந்துச்சு? மத்தவங்க யாராவது விழுந்தாங்களா?"

ஓவியா உதட்டைக் கடித்துக்கொண்டு ஹஃபீசாவைப் பார்த்தாள். மேடமும் ஹஃபீசாவைப் பார்த்தார். "வேணும்னே பண்ணாளா மிஸ்? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

ஆமாம் என்று ஹஃபீசா சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "அவளுக்கு ஆரம்பத்துலேருந்தே இந்த க்ளாஸ் பிடிக்கல மேடம்" என்றாள்.

அது போதுமானதாக இருந்தது. மறுநாள் துளசிங்கம் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பைக் சாவி. மேடம் சொன்னதையெல்லாம் நின்றுகொண்டே கேட்டார். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார். பெண் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்று மேடம் சொன்னதும்தான் குரல் உயர்ந்தது.

"தடுக்கி வுழுந்த கொயந்த இன்னாத்துக்கும்மா மன்னிப்பு கேக்கணும்? முட்டி பேந்து கீது. அத யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. அந்த வாரமே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி, "நல்லவேளை, தொல்லை விட்டுச்சு உங்களுக்கு" என்றாள். ஹஃபீசா சிரித்துவைத்தாள். ஜனவரியில் வேறு புரொஜெக்டர் வந்தது. ஆண்டுவிழாவில் அவளைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். வைத்துக்கொண்ட இலக்குகளை எல்லாம் முடித்தவர் என்று சரோஜினி மேடம் மைக்கில் சொன்னார்.

மார்ச் மாதத்தில் ஒரு மாலை. தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தவளுக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ஜாபர் அன்றைய வியாபாரத்தைப் பேசிக்கொண்டிருந்தார். மேற்குத் தாம்பரத்தில் அவருக்கு எலக்ட்ரிகல் கடை.

"இன்னைக்கு ஒருத்தர் வந்து டியூப்லைட்டா அள்ளிட்டுப் போனாரு. மாடி, படிக்கட்டு, கேட்டு, ஒரு மூலை விடலையாம். கல்யாணமான்னு கேட்டேன். இல்ல பாய், பொண்ணுக்கு வெளிச்சம் கொறஞ்சா கண்ணு தெரியலன்றாரு. பொறந்ததுலேருந்தே கண்ணுக்குள்ள நரம்பு வீக்காம். இப்பதான் டாக்டர் கண்டுபுடிச்சாராம். பாவம், சின்னப் பொண்ணு. எட்டாவதோ என்னவோ."

ஹஃபீசாவின் பேனா நின்றது.

"எந்த ஊர்க்காரரு?"

"நம்ம ராஜகீழ்ப்பாக்கம்தான். துளசிங்கம். ஜல்லி வியாபாரம்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். எதற்காக வந்தோம் என்று தெரியாமல் குழாயைத் திறந்தாள், மூடினாள். மாலைக்கண் என்ற சொல்லை எத்தனை வருஷமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறாள். எந்த வைட்டமின் குறைவால் வருவது என்று ஒவ்வொரு தேர்விலும் ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்டிருக்கிறாள். பிள்ளைகளும் சரியாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சொல்லே ஒரு குழந்தையாகச் சுவரைத் தடவிக்கொண்டு எதிரில் வந்தபோது, கதவைச் சாத்தி நடுவில் உட்கார வைத்திருக்கிறாள். வாங்க மாட்டியா என்று கேட்டிருக்கிறாள். விழுந்தவளை விட்டுவிட்டுப் புரொஜெக்டரைத் தூக்கியிருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திரையை விட்டுத் திரும்பி அந்த முகத்தைப் பார்த்திருந்தால் போதும். அடுப்படியில் இருந்துகொண்டு அழுதால் ஜாபர் காரணம் கேட்பார் என்று, வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

போக வேண்டும் என்று அன்றே நினைத்தாள். போவதற்கு ஏப்ரல் ஆகிவிட்டது. ஒரு நாள் பள்ளி முடிந்து, பஸ் ஏறாமல் நடந்தாள். விசாரித்துக்கொண்டு போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெருவில் ஒரு வீடு மட்டும், இன்னும் இருட்டாத ஆகாயத்தின் கீழ் எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த துளசிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா டீச்சர், படம் காட்ற மெஷினு நல்லா ஓடுதா?"

அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு கேட்டோரமாகவே நின்றாள். அவரே துணியை உதறிவிட்டு, "வந்தவங்கள நிக்க வெச்சா நல்லா இருக்காது. உள்ள வாங்க" என்றார். உள்பக்கம் திரும்பி, "ஓவியா, உன் பழைய மிஸ் வந்துகிறாங்க" என்று குரல் கொடுத்தார்.

ஓவியா வந்தாள். உயரமாகியிருந்தாள். ஹாலின் வெள்ளை வெளிச்சத்தில் முகம் தெளிவாக இருந்தது. துளசிங்கம் மனைவியைக் காபி போடச் சொல்ல உள்ளே போனார். வழியெல்லாம் ஹஃபீசா சேர்த்து வைத்துக்கொண்டு வந்த சொற்கள் ஒன்று. வெளியே வந்தது வேறு.

"நல்லாப் படிக்கிறியா?"

"ம், மிஸ்."

"அந்த ஸ்கூல்ல..."

"அங்க ஜன்னல் பக்கத்துல உக்கார வெச்சிருக்காங்க மிஸ்." ஓவியா பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "மிஸ், இருட்டுல எல்லாருக்கும் எனக்கு மாதிரிதான் இருக்கும்னு நெனச்சேன். டாக்டர் சொல்லித்தான் தெரியும். மத்தவங்க எல்லாம் எப்படி ஓடறாங்கன்னு ஆச்சரியமா இருக்கும்." பிறகு தாழ்ந்த குரலில், "நான் வேணும்னே தள்ளல மிஸ்."

"தெரியும்மா."

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். "அன்னிக்கே தெரியுமா மிஸ்?"

ஹஃபீசா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. தெரு முழுவதும் ஒரே வீச்சில் அணைந்தது. எங்கோ ஒரு குழந்தை கத்தியது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல், "ஓவியா, அங்கியே நில்லு! அப்பா மெழுகுவத்தி எடுத்தாறாரு" என்றது. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

ஹஃபீசாவின் கண் மெல்லப் பழகியது. ஜன்னலில் மிச்சமிருந்த அந்தி வெளிச்சத்தில் நாற்காலி தெரிந்தது, சுவர்க் கடிகாரம் தெரிந்தது, இரண்டடி தள்ளி, சொன்ன இடத்திலேயே அசையாமல் நிற்கும் பெண் தெரிந்தாள். அவள் கண்கள் அகலத் திறந்திருந்தன, எதன்மேலும் படாமல். ஹஃபீசா கைப்பையைத் துழாவிச் செல்போனை எடுத்தாள். அதில் டார்ச் இருப்பதாக அசார் காட்டியிருந்தான். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று நினைவில்லை. ஒன்றை அழுத்தினாள், பிறகு இன்னொன்றை. பச்சை எழுத்துகள் விரலுக்கடியில் மின்னி மின்னி அணைந்தன. பொத்தான்கள் எழுப்பிய சின்னச் சின்ன ஒலி அந்த அறையில் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஒலி வரும் பக்கமாக ஓவியா மெதுவாக முகத்தைத் திருப்பினாள்.

"மிஸ்," என்றாள். "அங்கதான் இருக்கீங்களா?"