காரியமில்லை

கழக்கூட்டம் பைபாஸுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சலவைக்கூடத்தில், ஆசுபத்திரித் துணி மூட்டைகளை அவிழ்த்துப் பிரித்துப் போடுவது சுடலைக்கண்ணுவின் வேலை. படுக்கை விரிப்புகள் ஒரு பக்கம், ஆபரேஷன் அறையின் பச்சைத் துணிகள் இன்னொரு பக்கம், ரத்தம் காய்ந்தவை ஊறல் தொட்டிக்கு. கிளவுஸ் தீர்ந்து வெகுநாளாயிற்று. வெள்ளிக்கிழமை காலை ஒரு விரிப்பை இழுக்கும்போது ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது. மடிப்புக்குள் மூடியில்லாத ஊசி ஒன்று கிடந்தது. அதன் குழாயில் கருஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

பக்கத்தில் துணி பிரித்துக்கொண்டிருந்த நயினார் எட்டிப் பார்த்தான். "எந்த ஆசுபத்திரி ஊசிலே அது? எய்ட்ஸ்காரனுக்குப் போட்டதா இருந்தா சோலி முடிஞ்சுல்லா." சொல்லிவிட்டுச் சிரித்தவன், சுடலைக்கண்ணுவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "போய் சோப்புப் போட்டுக் கழுவுலே."

சூப்பர்வைசர் ஹரிகுமார் அறை வாசலிலிருந்தே கேட்டார். "ஒரு சின்ன ஊசிதானே? டெட்டால் இட்டுக் கழுவு. லோடு மூணு மணிக்குப் போணும்."

சாப்பாட்டு இடைவேளையில் சுடலைக்கண்ணு ஜங்ஷனிலிருந்த லேபுக்குப் போனான். கவுண்டரில் ஆர்ஷா என்ற பெண் பில் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் ஆட்கள் நின்றதால் குனிந்து, விரலை மட்டும் நீட்டி, தெரிந்த மலையாளத்தில் சொன்னான். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"இப்போ டெஸ்ட் செய்திட்டு காரியமில்ல சேட்டா. ஒன்றர மாசம் கழிஞ்ஞு வந்தா மதி."

காரியமில்ல. வள்ளியூரில் அவன் வீட்டில் அடிக்கடி புழங்கும் சொல்தான். முட்டி சிராய்த்துக்கொண்டு வந்தாலும் 'அது ஒரு காரியமில்ல, எந்திரி' என்பார்கள். வெளியே வந்ததும் அவனுக்குப் பசித்தது. டீக்கடையில் பழம்பொரி வாங்கித் தின்றுவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி சுஜாவோடு உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். ஆள்காட்டி விரல் மட்டும் கத்தியில் படாமல் நீட்டிக்கொண்டிருந்தது.

"விரலுக்கு என்ன?"

"வெள்ளிக்கிழமை துணிக்குள்ள இருந்து ஊசி குத்திட்டு. லேபுல போய்க் கேட்டாச்சு. காரியமில்லன்னு சொல்லிட்டா."

"தமிழ்லயா சொன்னா?"

"மலையாளத்துலதான்."

சுஜா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் இங்கேயே சாலைக் கடைத்தெருவில் பிறந்து, பத்தாவது வரை மலையாளத்தில் படித்தவள். "அவ சொன்னத அப்படியே சொல்லுங்க. ஒண்ணும் மாத்தாம."

சொன்னான். இரண்டாவது முறையும் சொல்லச் சொன்னாள்.

"ஒண்ணுமில்லன்னு அவ சொல்லல. இப்ப ரத்தம் பாத்துப் பிரயோசனமில்லன்னாக்கும் சொன்னது. நோய் இருந்தாலும் இப்பத் தெரியாது."

"வந்தா மதின்னு சொன்னாளே."

"மதின்னா போதும். ஒன்றர மாசம் கழிஞ்சு பாத்தாத்தான் தெரியும்னு அதுக்கு அர்த்தம்."

அவன் கையிலிருந்த கிழங்கைச் சட்டியில் போட்டான். பிறகு என்ன நினைத்தானோ, அதை எடுத்துத் தனியே வைத்தான்.

சுஜா வாசலில் நின்று, வார்டின் சுகாதாரப் பணியாளரான ஆஷா வொர்க்கர் பிஜியை போனில் கூப்பிட்டாள். நிறைய நேரம் பேசவில்லை. உள்ளே வந்ததும் கேட்டாள். "குத்தும்போது மணி என்ன?"

"பத்து இருக்கும். பதினொண்ணோ?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "குத்துனதுக்கு மருந்து இருக்காம். மூணு நாளைக்குள்ள தொடங்கணுமாம், அதுக்குப் பெறகு கேக்காதாம். சட்டையப் போடுங்க."

பஸ்ஸில் நின்றுதான் போனார்கள். முன் சீட்டில் அம்மாவின் தோளில் கிடந்த குழந்தை சுடலைக்கண்ணுவின் கையைப் பிடிக்க எட்டியது. அவன் கையை வெடுக்கென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் பஸ் நின்றது. சுஜா அவன் காதருகே, "வெள்ளிக்கிழமை ராத்திரி நாம..." என்று தொடங்கி, முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெடிக்கல் காலேஜ் கேஷுவல்டியில் அஸ்வதி என்ற இளம் டாக்டர் அவன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். நேரத்தை மறுபடி கேட்டாள். "இன்னும் சமயம் இருக்கு. மருந்து இப்பவே தொடங்கலாம்."

"ரத்தம் பாக்க வேண்டாமா டாக்டரம்மா?"

"எடுப்போம். பட்சே, இன்னைக்கு நெகட்டிவ்னு வந்தா ஊசிக்கு முன்னால ஒண்ணும் இல்லன்னு மட்டும்தான் அர்த்தம். இந்த ஊசியால வந்ததான்னு ஆறு வாரம் கழிஞ்சு பாக்கணும், பின்னே மூணு மாசத்துல. அதுவரைக்கும் இன்னைய பேப்பரை வச்சு சமாதானப்படண்டா. குளிகை இருபத்தெட்டு நாள். ஒரு நாளும் விடக்கூடாது."

"தின்னா வராதா?"

"ஊசி குத்துன எல்லாருக்கும் வராது. குளிகை தின்னா இன்னும் நல்லாக் குறையும். வெள்ளிக்கிழமையே வந்திருந்தா இதவிட நல்லது."

சுஜா தரையைப் பார்த்தபடி, தனக்கும் மருந்து வேண்டுமா என்று கேட்டாள். இப்போது வேண்டாம், டெஸ்ட் எல்லாம் முடியும்வரை உறை இல்லாமல் சேரக்கூடாது என்று டாக்டர் சொன்னாள். பிறகு சுடலைக்கண்ணுவிடம் கேட்டாள். "ஊசி எந்த ஆசுபத்திரியில இருந்து வந்ததுன்னு தெரியுமா? தெரிஞ்சா விசாரிச்சுப் பாக்கலாம்."

அவன் ஹரிகுமாருக்கு போன் செய்து, மருந்து தொடங்குவதைச் சொல்லிக் கேட்டான்.

"எத்தனை ஆசுபத்திரித் துணி வருது. எதுன்னு நான் எப்படிச் சொல்லும்? அவங்ககிட்டப் போய்க் கேட்டா காண்ட்ராக்ட் போகும்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "டேய், நீ அங்க நம்ம கம்பெனி பேரு பறஞ்ஞோ?"

சுஜா வாங்கி வந்த பாட்டில் தண்ணீரை அண்ணாந்து ஊற்றி, முதல் குளிகையை விழுங்கினான். மிச்சத் தண்ணீரை அவளிடம் கொடுக்கவில்லை. அவள் அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கி, வாய் வைத்துக் குடித்தாள்.

புதன்கிழமை வேலைக்குப் போனான். குளிகை வயிற்றைப் புரட்டியது. சோப்புத் தண்ணீரின் ஆவி பட்டதும் இரண்டு முறை வெளியே ஓடிப்போய்க் குனிந்து நின்றான். கிளவுஸ் கேட்டதற்கு, சொல்லியிருக்கிறேன், வரும் என்றார் ஹரிகுமார். பேசும்போது மேசைக்கு அந்தப் பக்கமே நின்றார்.

பதினொரு மணிக்கு, டீ போடும் சரோஜம் தட்டைக் கொண்டுவந்தாள். நயினாரும் மற்றவர்களும் ஸ்டீல் டம்ளர்களை எடுத்துக்கொண்டார்கள். தட்டில் காது வைத்த ஒரு நீலப் பிளாஸ்டிக் டம்ளர் மிச்சமிருந்தது. விலைச் சீட்டு இன்னும் உரிக்கப்படவில்லை.

"ஹரி சார் பறஞ்ஞதாக்கும் அண்ணா," என்றாள் சரோஜம், தட்டைப் பார்த்தபடி. "எனக்கு ஒண்ணும் அறியாது."

நயினார் தன் டம்ளருக்குள் ஊதிக்கொண்டிருந்தான்.

சுடலைக்கண்ணு குடித்து முடித்து, குழாயடியில் டம்ளரைக் கழுவினான். வைக்க இடம் தேடியபோது சரோஜம் சுவருக்கு வெளிப்பக்கம் கை காட்டினாள். புதிதாக ஒரு ஆணி அடித்திருந்தது. டம்ளரின் காதை அதில் மாட்டினான். உள்ளே அடுத்த வண்டியின் மூட்டைகள் வந்து விழும் சத்தம் கேட்டது. ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு போய், முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, இரண்டு கைகளையும் உள்ளே விட்டான்.